பத்து நிமிஷத்தில் வராத மருந்து

அத்தியாயம் 9

ஜெபசீலனும் எத்திராஜும் குரோம்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். பன்னிரண்டு மணிக்குச் செவ்வந்தி லேபரட்டரீஸ் பாய்லரில் நாலு மூட்டை ஆஸ்துமா மாத்திரைகளைக் கொட்டி எரிக்கப்போகிறார்கள். அதற்குள் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. திருடனை ஏற்கெனவே பிடித்து லாக்கப்பில் வைத்தாகிவிட்டது. திருட்டுப் பொருள் எங்கே என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்று தொழிற்சாலை மேலாளர் சொல்லியனுப்பியிருந்தார்.

"இன்னா சார் இது, கல்யாணத்த முடிச்சிட்டுப் பொண்ணு பாக்கக் கூப்புடுறாங்க" என்றான் எத்திராஜ்.

ஜெபசீலன் நடையை எட்டிப் போட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். பதினெட்டு வருஷம் ரயில்வேயில் பார்சல் கிளெய்ம்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். எத்திராஜ் கோவளத்துக் குப்பத்துக்காரன். ஒரு காலத்தில் தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவந்தவன். காணாமல் போன அவனுடைய வஞ்சிரக் கூடை ஒன்றை ஜெபசீலன் மூன்று நாள் கழித்து வாசனையை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தார். மீனை யாரும் வாங்கவில்லை. எத்திராஜ் மட்டும் அன்றிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டான்.

அது 1976 ஜூலை. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க, பேசுவதைக் குறைத்து உழைப்பதைப் பெருக்கச் சொல்லிச் சுவர் எழுத்துக்கள். செவ்வந்தி லேபரட்டரீஸில் இந்த அறிவுரையை எல்லோரையும்விட அதிகமாக எடுத்துக்கொண்டவர் மேலாளர் யக்ஞநாராயணன். ஒரு வருஷத்தில் நாற்பத்தேழு சிக்கன சர்க்குலர் போட்டிருந்தார். பென்சிலை இரண்டங்குலம் வரை உபயோகிக்க வேண்டும் என்பது சர்க்குலர் மூன்று. விருந்தாளிக்கு அரை கப் காப்பி என்பது சர்க்குலர் இருபத்திரண்டு. அவருடைய நாற்காலிக்குப் பின்னால், வட்டாரத்திலேயே மிகச் சிக்கனமான தொழிற்சாலை என்பதற்காகக் கிடைத்த பித்தளைக் கேடயம் பளபளத்தது.

எத்திராஜ் தன் கப்புக்குள் எட்டிப் பார்த்தான். "மீதி காப்பியும் லாக்கப்லதான் கீதா சார்?" என்று கேட்டான். மேலாளர் அதைக் காதில் வாங்கவில்லை.

அவர் சொன்ன வழக்கு சுருக்கமானது. மூன்று வாரமாக ஆஸ்துமா மாத்திரையில் மருந்தே இல்லை என்று பரிசோதனைச் சாலை நாலு முறை எழுதிக் கொடுத்துவிட்டது. மருந்துத் தூள் வெளிநாட்டிலிருந்து சீல் வைத்த டின்னில் வருகிறது. டின்னைத் திறந்து, எடை போட்டு, மாவோடு கலக்கக் கொடுப்பவன் ஸ்டோர் கீப்பர் தயாளன். ஆகவே தூளை எடுத்துக்கொண்டு வெறும் மாவைக் கலந்தவனும் தயாளன். அனகாபுத்தூரில் அவன் வீட்டைச் சோதனை போட்டபோது இரண்டு கிலோ வெள்ளை மாவு கிடைத்தது. அது தறிப் பாவுக்குப் போடும் கஞ்சி மாவு என்று அவன் மனைவி சாராள் அழுதாளாம்.

"அனகாபுத்தூர்ல தறி போட்ட வூட்ல கஞ்சி மாவு இல்லன்னாதான் சார் புடிக்கணும்" என்றான் எத்திராஜ்.

யக்ஞநாராயணன் இதையும் யோசித்து வைத்திருந்தார். அந்த மாவையும் இங்கேயே பரிசோதித்தார்களாம். அதிலும் மருந்து இல்லை. எனவே தயாளன் சரக்கை வேறெங்கோ பத்திரமாக ஒளித்திருக்கிறான். வீட்டில் கிடைத்திருந்தால் திருடன், கிடைக்காததால் கெட்டிக்காரத் திருடன் என்பது அவர் முடிவு.

ஜெபசீலன் அரை கப் காப்பியைக் குடித்து முடித்தார். மாத்திரையின் சோதனைத் தாளையும் மாவின் சோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பரிசோதனைச் சாலைக்குப் பொறுப்பாளர் மெட்டில்டா. முப்பது வயதுக்குள் இருக்கும். தூங்காத கண்கள். தொழிலாளிகள் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவளிடமிருந்த அமெரிக்க இயந்திரத்தை ஜோசியர் என்று கூப்பிட்டார்கள், ஊசி போட்டால் தாளில் ஜாதகம் எழுதுகிறது என்பதால். அது ஒன்றும் பெரிய இயந்திரமில்லை. ஒரு பம்பு, பென்சில் பருமனில் ஓர் எஃகுக் குழாய், கடைசியில் தாளில் கோடு போடும் பேனா. குழாய்க்குள் எண்ணெய்ப் பசையுள்ள நுண்ணிய தூளை இறுக்கி அடைத்திருந்தார்கள். எட்டுப் பங்கு மெத்தனாலும் இரண்டு பங்கு தண்ணீரும் சேர்த்த கலவையைப் பம்பு அதன் வழியே அழுத்தித் தள்ளும். மாத்திரைக் கரைசலை ஊசியால் செலுத்தினால் அதிலுள்ள ஒவ்வொரு சரக்கும் தூளில் ஒட்டி ஒட்டி, வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். வெளியே வரும்போது பேனா எழும்பி இறங்கும். ஆஸ்துமா மருந்து ஆறாவது நிமிஷத்தில் வர வேண்டும்.

மேஜைமேல் இரண்டு தாள்களையும் விரித்தாள். இரண்டிலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை நேர்க்கோடு.

"இதுல எது மாத்திரை, எது மாவு?" என்று கேட்டார் ஜெபசீலன்.

மெட்டில்டா மூலையில் எழுதியிருந்ததைக் குனிந்து பார்த்துத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவள் முகம் கொஞ்சம் மாறியது. மே மாதத்துத் தாள் ஒன்றைத் தானாகவே எடுத்து வைத்தாள். அதில் ஆறாவது நிமிஷத்தில் கோடு ஒற்றைப் பனைமரம்போல் நிமிர்ந்து நின்றது.

சுத்தமான மருந்தைக் கடைசியாக எப்போது இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தீர்கள் என்று ஜெபசீலன் விசாரித்தார். முன்பெல்லாம் தினமும் காலையில் முதல் வேலையே அதுதான் என்றாள். சர்க்குலர் முப்பத்தொன்று வந்த பிறகு, அந்நியச் சரக்கு வீணாகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆக்கிவிட்டார்களாம். அப்படியானால் இப்போது ஏற்றுங்கள், தயாளன் கை படாத டின்னிலிருந்து என்றார் அவர்.

சீல் உடையாத டின் ஒன்று வந்தது. இருவரும் பார்க்க மெட்டில்டா அதைத் திறந்து, துளியூண்டு தூளைக் கரைத்து, ஊசியால் செலுத்தினாள். ஆறாவது நிமிஷம் வந்தது. பேனா அசையவில்லை. எட்டு. ஒன்பது. பத்து. நேர்க்கோடுதான்.

"சீல் வச்ச டின்னுக்குள்ளாறவே பூந்து திருடிகினு போயிருக்கான் சார்" என்றான் எத்திராஜ். "இவன லாக்கப்ல வச்சா நிக்கவா போறான்?"

மெட்டில்டாவின் கை, பழக்கத்தில், ரெக்கார்டரை நிறுத்தப் போனது.

"அத ஏன் அணைக்கறீங்க?" என்றார் ஜெபசீலன்.

அது சர்க்குலர் முப்பத்துமூன்று. பேனா எழுதும் தாளும் வெளிநாட்டிலிருந்து வருவதால், எந்தச் சோதனைக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் தாள் ஓடக் கூடாது. பத்தானதும் ரெக்கார்டரை அணைத்துவிட்டுக் குழாயை மெத்தனாலால் கழுவிவிட வேண்டும். அவள் அப்படித்தான் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஜெபசீலன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்ட வந்த புகார்ல பாதி, பார்சல் தொலைஞ்சதே இல்ல மிஸ். வண்டி விழுப்புரத்துல நின்னுக்கிட்டிருக்கும். எக்மோர்ல ஒருத்தர் திருட்டுன்னு எழுதிடுவார். இல்லைங்கறது வேற, இன்னும் வரலைங்கறது வேற. தாள் ஓடட்டும்."

தாள் ஓடியது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் எத்திராஜ் கொட்டாவி விட்டான். பதினைந்தில் மெட்டில்டா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பதினெட்டுக்கு மேல் பேனா லேசாக நடுங்கியது. இருபதாவது நிமிஷத்தில், முதலில் தயங்கி, பிறகு நிதானமாக எழும்பியது. மே மாதத்துப் பனைமரம் இல்லை. அகலமாக, தாழ்வாக, கடற்கரை மணல்மேடு போல ஒன்று. ஆனால் மருந்து வந்துவிட்டது. எரிக்கவிருந்த மாத்திரையின் கரைசலையும் செலுத்தியபோது, அதே நிமிஷத்தில் அதே உயரத்தில் அதே மேடு எழுந்தது.

அடுத்த மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெட்டில்டா மெல்ல உட்கார்ந்தாள். மருந்து ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. ரெக்கார்டரை அணைத்த பிறகு, கழுவுகிற திரவத்தோடு, யாரும் பார்க்காமல் சாக்கடைக்குப் போயிருக்கிறது. இல்லை என்று நாலு தாளில் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

எத்திராஜுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்தான். அதற்குள் ஜெபசீலன், ஆறில் வர வேண்டியது இருபதில் ஏன் வருகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளைத் தூக்கி நிறுத்தியது. ஓடிப்போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பம்பின் ப்ரஷர் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று தினமும் காலையில் அதில் குறித்திருந்தாள். மே கடைசி வரை ஆயிரம். ஜூன் நடுவிலிருந்து ஆயிரத்து நானூறு. இதை அப்போதே மேலாளரிடம் சொன்னாளாம். மனிதர்களுக்கே ப்ரஷர் ஏறுகிற காலம், இயந்திரத்துக்கு ஏறினால் என்ன என்று அவர் அனுப்பிவிட்டாராம்.

"குழாய் அடைச்சுக்கிட்டா ப்ரஷர் ஏறும் சார்" என்றாள். "ஆனா பம்பு ஒரே அளவாத்தான் தள்ளும். மருந்து வழக்கமான நேரத்துக்கு வந்துடும். பம்பு ஒழுகினா மருந்து லேட்டாகும். ஆனா ப்ரஷர் இறங்கிடும். ப்ரஷரும் ஏறி, மருந்தும் லேட்டாகணும்னா..."

"ஆகணும்னா?"

"கலவையே மாறியிருக்கணும். தண்ணி ஜாஸ்தியாயிருக்கு."

மருந்தைத் தூளிலிருந்து பிடுங்கி இழுத்துக்கொண்டு ஓடுவது மெத்தனால்தான். தண்ணீர் கூடினால் மருந்து தூளிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், கிளம்ப மனசு வராது. தவிர, மெத்தனாலும் தண்ணீரும் தனித்தனியாக இருக்கும்வரை லேசாக ஓடும். கிட்டத்தட்டச் சரிபாதியை நெருங்கிக் கலந்தால் இரண்டையும்விடக் கெட்டிப்படும். பம்பு முக்கி முக்கித் தள்ள வேண்டியிருக்கும். அவள் இப்படி விளக்கியபோது எத்திராஜ் மட்டும் எல்லாம் முன்பே தெரிந்தவன்போலத் தலையாட்டினான்.

"எங்க குப்பத்துல இத்த மெஷின் இல்லாமலே சொல்லுவாங்க மிஸ். தண்ணி ஜாஸ்தியானா ஆளு லேட்டாத்தான் வருவான். வூட்ல ப்ரஷரும் ஏறும்."

மதுவிலக்குக் காலம் என்பதால் ஜெபசீலன் இருமினார். மெட்டில்டா அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

ஆனால் கலவையைத் தினமும் தன் கையாலேயே அளந்து சேர்ப்பதாக அவள் சொன்னாள். எட்டுக்கு இரண்டு. அதில் தவறே வராது. அப்படியானால் மெத்தனால் புட்டியிலேயே தண்ணீர் இருக்கிறது என்றார் ஜெபசீலன். கிடங்கிலிருந்து இன்னும் திறக்காத பீப்பாய் ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஒரு குடுவை அளவு கொண்டுவந்தார்கள். பரிசோதனைச் சாலைப் புட்டியிலிருந்து அதே அளவு இன்னொரு குடுவை. தராசு பிடித்துப் பழகிய எத்திராஜ், இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தே புட்டிச் சரக்குதான் கனம் என்றான். தராசு அவன் சொன்னதை உறுதி செய்தது. தண்ணீர் மெத்தனாலைவிடக் கனம். புட்டியில் கால் பங்கு தண்ணீர்.

ஆக, தொழிற்சாலையில் திருட்டு நடந்திருக்கிறது, ஆனால் மருந்து அல்ல, மெத்தனால் என்று எத்திராஜ் தீர்மானித்தான். மூவரும் பீப்பாய் அறைக்கு விரைந்தார்கள். பீப்பாயிலிருந்து புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வேலை குப்பம்மாவுடையது. நாற்பது வயது. பல்லாவரத்துப் பக்கம் வீடு. துப்பறிகிறவர் என்றதும் பயப்படுவாள் என்று எத்திராஜ் நினைத்தான். அவளோ தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"மேனேஜர் ஐயாதான் சொன்னாரு சாமி. மூணு பங்கு பீப்பாய்ல இருந்து ஊத்து, ஒரு பங்கு தண்ணி ஊத்துன்னாரு. சொம்மா தண்ணி இல்ல, காச்சி வடிச்ச தண்ணி. நாட்டுக்கு நல்லதுன்னாரு, நானும் நாட்டுக்குன்னு ஊத்திகினு கீறேன்."

"லேபுக்கு ஏம்மா சொல்லல?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"தெரிஞ்சா நீ எக்ஸ்ட்ரா கேப்பியாம் மிஸ்."

எப்போதிலிருந்து என்று ஜெபசீலன் கேட்டார். ஜூன் பாதியிலிருந்து என்றாள் குப்பம்மா. அவர் நேரே மேலாளர் அறைக்கு நடந்தார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

எத்திராஜ் வழியெல்லாம் ஒரு நல்ல காட்சியை எதிர்பார்த்துக்கொண்டு வந்தான். குற்றவாளி வெளிறுவார், மேஜை டிராயரைத் திறப்பார், ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்ப்பார். யக்ஞநாராயணன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் கலக்கச் சொன்னது நீங்களா என்று கேட்டதும், அவர் முகத்தில் வெட்கம் கலந்த சந்தோஷம் பரவியது. திரும்பிப் பின்னாலிருந்த கேடயத்தைக் காட்டினார்.

"இது அதுக்குத்தான் சார் குடுத்தாங்க. மெத்தனால் கன்ஸம்ப்ஷன்ல இருபத்தஞ்சு பர்சென்ட் சேவிங். வேற எந்த ஃபேக்டரியும் பண்ணல."

மற்ற தொழிற்சாலைகள் பண்ணாததற்குக் காரணம் இருக்கிறது என்று மெட்டில்டா விளக்கினாள். இருபது நிமிஷ நீளமுள்ள தாளை மேஜைமேல் உருட்டி விரித்தாள். மணல்மேட்டைக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முதலில் அவரைத் தைத்தது, அவ்வளவு நீளத் தாளைச் செலவழித்ததுதான். மாத்திரைகள் நல்ல மாத்திரைகள் என்பதும், தயாளன் ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை என்பதும் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல உறைத்தன. அப்போதும் அவர் வெளிறவில்லை, யோசித்தார். எரிக்கும் உத்தரவு தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, அதை நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் கேடயம் போய்விடும். ஆகவே மாத்திரை எரியட்டும், இயந்திரம் பழுது என்று எழுதிவிடலாம், சாட்சியம் போதவில்லை என்று தயாளனைப் பத்து நாளில் வெளியே விட்டுவிடுவார்கள் என்றார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பியதுதான் எத்திராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மெட்டில்டா மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். விரித்த தாளின் வெற்றுப் பகுதியில் நின்றபடியே எழுதினாள். மாத்திரையில் மருந்து சரியாக இருக்கிறது, திருட்டு நடக்கவில்லை, மெத்தனாலில் தண்ணீர் கலந்தது மேலாளர் உத்தரவின் பேரில் என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். இதைத் தலைமை அலுவலகத்துக்கு இன்றே அனுப்பப்போவதாகச் சொன்னாள். வேலை போய்விடும் என்று யக்ஞநாராயணன் சொன்னபோது, தெரியும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பாய்லர் அறையில் முதல் மூட்டையின் வாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஃபயர்மேன் ஜெயவேலு ஆஸ்துமாக்காரன். மூட்டையைப் பார்த்துக்கொண்டு மனசில்லாமல்தான் நின்றான். நிறுத்தச் சொல்ல சர்க்குலர் கீதா மிஸ் என்று கேட்டான். மெட்டில்டா கையிலிருந்த தாளை நீட்டினாள். அவனுக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் இத்தனை நீளமான சர்க்குலரை அவன் அதுவரை பார்த்ததில்லை. உலைக் கதவைச் சாத்தினான்.

ஒரு மாதத்தில் தலைமை அலுவலகம் விசாரணை முடித்து யக்ஞநாராயணனை மாற்றியது. அவருடைய சிக்கன உணர்வு ஒரே தொழிற்சாலைக்குள் முடங்கிவிடக் கூடாது என்று கருதி, நான்கு தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து ஆலோசகராகப் போட்டது. மெட்டில்டாவுக்கு வேலை போகவில்லை. கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது, தாள் வீணாக்கியதற்காக.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஜெபசீலனும் எத்திராஜும் மெட்டில்டாவும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். கையிலிருந்த திருடனைத் திருடனில்லை என்று விடுவதில் இன்ஸ்பெக்டருக்கு வருத்தம்தான். ஜெபசீலன் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். கடைசியில் தயாளன் வெளியே வந்தான். மூன்று நாள் தாடி. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

மெட்டில்டா முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் ஏதோ வாக்கியங்களை உதட்டுக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததை எத்திராஜ் பார்த்திருந்தான். அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"அந்த நாலு ரிப்போர்ட்டும் நான் எழுதினது" என்றாள்.

"தெரியும் மிஸ். இன்ஸ்பெக்டர் காட்டினாரு" என்றான் தயாளன். குரலில் கோபம் இல்லை. "நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால நேத்தெல்லாம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், ஒருவேளை நான்தான் எடுத்துட்டேனோன்னு."

எத்திராஜ் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பல்லாவரத்தில் அனகாபுத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, உங்கள் மனைவியிடம் நானே வந்து சொல்கிறேன் என்றாள் மெட்டில்டா. தயாளன் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, பஸ் வந்து நின்றதும், கூட்டத்தைக் கையால் தடுத்து, அவள் முதலில் ஏற வழி விட்டு ஒதுங்கி நின்றான்.